சென்னை - தஞ்சைச் சாலை: யாருக்கு அகலம்? யாருக்குக் குறுகல்?

(கட்சிக் கிளைத் தோழர்களும், பஸ் - லாரித் தொழிலாளர்களும், விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் வாசகம்.)

தோழர்களே!

இன்று நாம் பேசப் போவது ரோட்டைப் பற்றி. உலக நிலைமை, பட்ஜெட், தேர்தல் என்று பெரிய பெரிய விஷயங்களைப் பேசிப் பழகிய நமக்கு, ரோடு ஒரு சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஆனால் இந்தக் கூட்டத்துக்கு வந்திருப்பவர்களில் ரோட்டில் கால் வைக்காமல் வந்தவர் ஒருவராவது உண்டா? நெல் மூட்டை போவதும் ரோட்டில்தான். பிள்ளை பள்ளிக்கூடம் போவதும் ரோட்டில்தான். பிரசவ வேதனையில் துடிக்கும் பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதும் ரோட்டில்தான். ஜனங்களின் அன்றாட வாழ்வை எது தொடுகிறதோ, அது நமக்குச் சின்ன விஷயம் அல்ல.

சென்ற அறுவடை சமயத்தில் ஒரு விவசாயத் தொழிலாளியின் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போயிருந்தோம். வேலை முடித்துச் சைக்கிளில் வீடு திரும்பியவர் அவர். நான்கு வழிச் சாலை முடிந்து பழைய ரோடு தொடங்குகிற இடத்தில், பின்னால் வந்த வண்டி அவரை அடித்துப் போட்டுவிட்டுப் போய்விட்டது. அவருடைய மனைவி அழுது ஓய்ந்த பிறகு எங்களிடம் கேட்டார்: "ரோடு பெருசா வருது, நம்ம பக்கம் விடிஞ்சிடும்னு சொன்னாங்களே அண்ணே. அந்த ரோடு யாருக்கு அண்ணே?"

அன்று நாங்கள் பதில் சொல்லவில்லை. சொல்லத் தெரியாமல் நின்றோம். அந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதே இந்தப் பேச்சின் நோக்கம்.

ஒரே பயணம், பல ரோடு

சென்னையில் பஸ் ஏறித் தஞ்சாவூர் வரை வருவோம். தாம்பரத்தைத் தாண்டினால் எட்டு வழி. செங்கற்பட்டைத் தாண்டினால் நான்கு வழி. நடுவில் தடுப்பு, இரு பக்கமும் தார் போட்ட ஓரம், டோல்கேட். திண்டிவனம் கடந்து விக்கிரவாண்டி வரை இப்படித்தான். நம் பெரியவர்கள் ஜி.எஸ்.டி. ரோடு என்று சொல்லுகிற கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோடு இதுதான்.

விக்கிரவாண்டியில் தஞ்சாவூர் ரோடு பிரிகிறது. முன்பு 45-சி என்று எண், இப்போது 36. பண்ருட்டி, வடலூர், சேத்தியாத்தோப்பு, அணைக்கரை, கும்பகோணம் வழியாகத் தஞ்சைக்கு வருகிறது. ஏறத்தாழ 165 கிலோமீட்டர். டெல்டாவையும் தலைநகரையும் இணைக்கும் பிரதான வழி இது. பண்ருட்டியின் பலாவும் முந்திரியும், நெய்வேலியின் பழுப்பு நிலக்கரியும், சேத்தியாத்தோப்பின் கரும்பும், தஞ்சையின் நெல்லும் இந்த ரோட்டில்தான் போகின்றன. இத்தனை செல்வம் போகும் ரோடு, நீண்ட காலம் ஊர் நடுவே புகுந்து, வாய்க்கால் கரையில் வளைந்து, இரண்டு பஸ் எதிரெதிரே வந்தால் ஒன்று மண்ணில் இறங்க வேண்டிய ரோடாகவே கிடந்தது.

அணைக்கரையை நினைத்துப் பாருங்கள். 1836-ம் ஆண்டை ஒட்டிக் கொள்ளிடத்தின் குறுக்கே ஆர்தர் காட்டன் கட்டிய கீழணை அது. தண்ணீரைத் தடுத்துப் பாசனத்துக்குத் திருப்புவதற்காகக் கட்டியது. அதன் மேல் மாட்டு வண்டி போயிற்று. பிறகு பஸ் போயிற்று. பிறகு சரக்கு லாரியும் போயிற்று. கடைசியில் பாலம் தாங்காது என்று கண்டு கனரக வாகனங்களுக்குத் தடை போட்டார்கள். லாரிகள் சுற்றிக்கொண்டு போயின. தலைநகருக்கும் டெல்டாவுக்கும் இடையிலுள்ள ஒரு தேசிய நெடுஞ்சாலை, சுதந்திரம் வந்து அறுபது ஆண்டுக்கு மேலாகியும், வெள்ளைக்காரன் காலத்து அணையின் முதுகில்தான் ஆற்றைக் கடந்தது!

இந்த ரோட்டை நான்கு வழியாக்கும் வேலை 2018-ம் ஆண்டை ஒட்டித் தொடங்கியது. மூன்று துண்டாக வெட்டினார்கள். விக்கிரவாண்டியிலிருந்து சேத்தியாத்தோப்பு வரை ஏறத்தாழ 66 கிலோமீட்டர் ஒரு துண்டு. சேத்தியாத்தோப்பிலிருந்து சோழபுரம் வரை 50 கிலோமீட்டர் இரண்டாவது துண்டு. சோழபுரத்திலிருந்து தஞ்சை வரை 48 கிலோமீட்டர் மூன்றாவது துண்டு. துண்டுக்கு ஒரு காண்டிராக்ட்.

நடந்தது என்ன? தெற்கே இருந்த துண்டுகள் முந்தின. வடக்கே இருந்த துண்டு பிந்திற்று. நடுத் துண்டில் மட்டும் 2,350 கோடி ரூபாய்க்கு மேல் செலவு. மூன்று பைபாஸ், கொள்ளிடத்தின் மேல் ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குப் புதிய நான்கு வழிப் பாலம், ஏழு மேம்பாலங்கள். 2025 ஜூலை 26-ம் தேதி பிரதம மந்திரி அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். நல்லது. கொள்ளிடத்துக்குப் பாலம் வந்ததில் நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் அந்த நாளில் விக்கிரவாண்டி - சேத்தியாத்தோப்புத் துண்டு முடிந்திருக்கவில்லை. அதாவது வடக்கே நான்கு வழி, தெற்கே நான்கு வழி, நடுவில் 66 கிலோமீட்டர் பாதி வெட்டின மண்ணும், திருப்பி விட்ட பாதையும், பழைய தாரும். தலைமடையில் தண்ணீர், கடைமடையில் தண்ணீர், நடுவில் வாய்க்கால் தூர்ந்து கிடந்தால் எப்படியோ, அப்படி!

தஞ்சையோடும் கதை முடியவில்லை. தஞ்சையிலிருந்து மேற்கே திருச்சிக்குப் போனால் நான்கு வழி. கிழக்கே திருவாரூர், நாகப்பட்டினம் போக இரு வழியும் தார் ஓரமும் போதும் என்று திட்டமிட்டார்கள். அந்த வேலையும் ஆண்டுக்கணக்கில் இழுத்தது. கடைமடைக்கு எப்போதும் மிச்சத் தண்ணீர்தானே!

அளவு நாடா சொல்லும் உண்மை

"ரோடு கொஞ்சம் குறுகினால் என்ன, பார்த்து ஓட்டினால் போதாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்குக் கணக்கே பதில் சொல்லும்.

நம் நாட்டு ரோடுகளுக்கு அளவு வகுப்பது இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்னும் ஸ்தாபனம். 1934-ம் ஆண்டில் ஏற்பட்டது. அதன் கணக்குப்படி ஒரு வழி ரோடு என்றால் 3.75 மீட்டர் தார்ப்பரப்பு. இடைப்பட்ட ரோடு 5.5 மீட்டர். இரு வழி ரோடு 7 மீட்டர். இரு பக்கமும் தார் ஓரம் சேர்த்தால் 10 மீட்டர். பஸ்ஸோ லாரியோ சட்டப்படி 2.6 மீட்டர் அகலம் வரை இருக்கலாம். இரண்டு பஸ் எதிரெதிரே வந்தால் 5.2 மீட்டர். ரோடு 5.5 மீட்டரானால் மிச்சம் எவ்வளவு? ஓர் அடி! அந்த ஓர் அடியில்தான் சைக்கிள்காரர் போகவேண்டும். தலையில் புல்லுக்கட்டோடு பெண்கள் போகவேண்டும். ஆடு மாடு போகவேண்டும். 7 மீட்டர் ரோடானாலும் மிச்சம் ஆறடிதான். அந்த ஆறடி இரு பக்கத்துக்கும் நடுவுக்கும் சேர்த்து.

மண்ணில் இறங்கலாமே என்பீர்கள். மழையில் கரைந்த மண் ஓரம் தாரைவிட ஒரு சாண் பள்ளமாகக் கிடக்கிறது. இருட்டில் சைக்கிள் அதில் இறங்கினால் ஆள் ரோட்டுப் பக்கம்தான் விழுகிறார்.

இன்னொரு கணக்கு. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டியை, டிரைவர் ஆபத்தைக் கண்டு, பிரேக்கை மிதித்து நிறுத்த 120 மீட்டர் தூரம் வேண்டும். 100 கிலோமீட்டர் வேகமானால் 180 மீட்டர். இதுவும் எஞ்சினியர்கள் வகுத்த கணக்கே. நான்கு வழியில் நூறு மைலாக ஓடி வந்தவன் கண்ணும் காலும் அந்த வேகத்துக்குப் பழகிவிடுகின்றன. திடீரென்று ரோடு பாதியாகிறது. எச்சரிக்கைப் பலகை இல்லை. இருந்தாலும் புளியமரக் கிளை மறைக்கிறது. விளக்கு இல்லை. அங்கே நம் சைக்கிள்காரர் போய்க்கொண்டிருக்கிறார். குற்றம் டிரைவருடையது மட்டும்தானா? ரோட்டின் தரம் எந்த இடத்தில் மாறுகிறதோ, அந்த இடமே கொலைக்களம் ஆகிறது. குறுகலான ரோடு ஓர் ஆபத்து. அகல ரோடு திடீரென்று குறுகுவது அதைவிடப் பெரிய ஆபத்து.

தரம் ஏன் மாறுகிறது?

தோழர்களே, ஒரே நெடுஞ்சாலை ஏன் ஓரிடத்தில் அரண்மனையாகவும், ஓரிடத்தில் குடிசையாகவும் இருக்கிறது? என்ஜினியர்களுக்கு அறிவில்லாததாலா? இல்லை.

1943-ம் ஆண்டில், வெள்ளையர் ஆட்சியிலேயே, மாகாணங்களின் தலைமை எஞ்சினியர்கள் நாகபுரியில் கூடி நாடு முழுவதற்கும் ஒரு சாலைத் திட்டம் போட்டார்கள். தேசிய நெடுஞ்சாலை, மாகாண நெடுஞ்சாலை, மாவட்டச் சாலை, கிராமச் சாலை என்று வகுத்தார்கள். விவசாயம் செழித்த பகுதியில் எந்தக் கிராமமும் பிரதான ரோட்டிலிருந்து ஐந்து மைலுக்கு மேல் விலகியிருக்கக் கூடாது என்பது அவர்கள் வைத்த இலக்கு. அந்தத் திட்டத்தில் ஆயிரம் குறை இருக்கலாம். ஆனால் அதில் ஓர் எண்ணம் இருந்தது: ரோடு என்பது ஓர் உடம்பு, பெரு நரம்பும் சிறு நரம்பும் சேர்ந்ததே உடம்பு.

1956-ம் ஆண்டில் தேசிய நெடுஞ்சாலைச் சட்டம் வந்தது. இந்தச் சாலைகளை அபிவிருத்தி செய்வதும் நல்ல நிலையில் வைத்திருப்பதும் மத்திய சர்க்காரின் பொறுப்பு என்று அது சொல்லிற்று. 1995-ம் ஆண்டில் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். தனியார் ரோடு போடலாம், பராமரிக்கலாம், சுங்கமும் வசூலிக்கலாம் என்று கதவைத் திறந்துவிட்டார்கள். அதற்குப் பின் வந்த பெரிய திட்டங்கள், 1999-ல் தொடங்கிய தங்க நாற்கரச் சாலை உட்பட, பெருநகரத்தையும் பெருநகரத்தையும், துறைமுகத்தையும் துறைமுகத்தையும் இணைப்பதை முதல் வேலையாக எடுத்துக்கொண்டன.

தனியார் முதலாளி ரோட்டுக்கு வந்தால் அவன் கேட்கும் முதல் கேள்வி எது? "இந்த ஊர் ஜனங்களுக்கு ரோடு வேண்டுமா?" என்பதல்ல. "இந்த இடத்தில் நாளொன்றுக்கு எத்தனை கார், எத்தனை லாரி போகும்?" என்பதுதான். டோல்கேட்டில் எண்ணக்கூடிய வண்டியே அவன் கணக்கில் வண்டி. சைக்கிள் எண்ணிக்கையில் இல்லை. நடந்து போகிறவர் எண்ணிக்கையில் இல்லை. அறுவடை மெஷினும் மாட்டு வண்டியும் இல்லை. ஆகவே எங்கே சுங்கம் குவியுமோ அங்கே அகலம் முந்துகிறது; எங்கே சுங்கம் குறையுமோ அங்கே அகலம் பிந்துகிறது.

முதலாளி வராத இடத்தில் சர்க்கார் ஜனங்களின் பணத்தைப் போட்டு ரோடு போடுகிறது. 2008-ம் ஆண்டுச் சுங்க விதிகளின்படி, அப்படிப் போட்ட ரோட்டுக்கும் சுங்கம் உண்டு! ரோடு முடிந்து வசூல் நிலைத்த பிறகு, அந்த வசூல் உரிமையை மொத்தமாகக் குத்தகைக்கு விடுகிறார்கள். 2018-ம் ஆண்டில் ஆந்திரா, குஜராத் மாநிலங்களின் ஒன்பது சாலைத் துண்டுகள் 9,681 கோடி ரூபாய்க்கு முப்பது வருஷக் குத்தகையாக ஓர் ஆஸ்திரேலியக் கம்பெனியிடம் போயின. 2021 ஆகஸ்டில் 'தேசியப் பணமாக்கல் திட்டம்' என்று அறிவித்தார்கள். அதில் ரோடுகளிலிருந்து மட்டும் 1 லட்சத்து 60 ஆயிரம் கோடி ரூபாய் இலக்கு. நம் பாட்டன் நிலம் கொடுத்து, நம் தந்தை கல் உடைத்து, நாம் வரி கட்டிப் போட்ட ரோடு அவர்கள் ஏட்டில் 'சொத்து'. குறுகிக் கிடக்கும் ரோட்டுக்கு அந்த ஏட்டில் பெயர் இல்லை.

"சுங்கம் கட்டுகிறவனுக்குத்தானே நல்ல ரோடு?" என்று சிலர் நியாயம் பேசுகிறார்கள். சுங்கம் கட்டாதவர் ஒன்றுமே கட்டவில்லையா? 1998-ல் பெட்ரோலுக்கு லிட்டருக்கு ஒரு ரூபாய், 1999-ல் டீசலுக்கும் ஒரு ரூபாய் ரோட்டுக்கென்று தனி வரி போட்டார்கள். 2018 பட்ஜெட்டில் அதை 8 ரூபாய் ஆக்கினார்கள். கட்டட வேலைக்கு மொபெட்டில் போகும் கொத்தனார் ஊற்றும் ஒவ்வொரு லிட்டரிலும் ரோட்டுப் பணம் இருக்கிறது. ஐம்பது பேரை ஏற்றிச் செல்லும் அரசு பஸ் டீசலிலும் வரி கட்டுகிறது. டோல்கேட்டில் சரக்கு லாரிக்குச் சமமாகச் சுங்கமும் கட்டுகிறது. 2007-08-ம் ஆண்டின் அடிப்படை விகிதப்படி காருக்குக் கிலோமீட்டருக்கு 65 பைசா. பஸ்ஸுக்கும் லாரிக்கும் 2 ரூபாய் 20 பைசா. அதன் மேல் ஆண்டுதோறும் ஏற்றம். ஜனங்களின் பஸ்ஸை வியாபாரச் சரக்கு வண்டியாகக் கணக்கிடுவது எந்த ஊர் நியாயம்?

உடைப்பவன் யார், கட்டுபவன் யார்?

ரோடு கெடுவதற்கு லாரித் தொழிலாளியைப் பழிப்பது வழக்கமாகிவிட்டது. இங்கே வந்திருக்கும் லாரித் தோழர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

1958 முதல் 1960 வரை அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் ஒட்டாவா என்ற ஊருக்கு அருகே ரோடு போட்டு, அதன் மேல் லாரிகளை ஓயாமல் ஓட்டிச் சோதித்தார்கள். அச்சின் மேல் சுமை இரு மடங்கானால், ரோட்டுக்கு ஏற்படும் சேதம் இரு மடங்கு அல்ல, ஏறத்தாழ பதினாறு மடங்கு என்று அதில் தெரிந்தது. 2018-ம் ஆண்டில் நம் மத்திய சர்க்கார், நான்கு டயர் கொண்ட ஓர் அச்சின் சுமை வரம்பை 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தியது. சுமை கூடியது எட்டில் ஒரு பங்குதான். ஆனால் அந்தச் சோதனைக் கணக்கின்படி சேதம் கூடுவது ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்கும் மேல். இந்த ஏற்றத்தால் லாபம் யாருக்கு? ஒரே லாரியில் அதிகச் சரக்கு அனுப்பும் பெரும் வியாபாரிக்கு. டிரைவருக்கும் கிளீனருக்கும் படி கூடியதா? கிடையாது. டயர் வெடித்தால் போவது அவர்கள் உயிர்.

நம் டெல்டா மண் களிமண். நனைந்தால் ஊதும், காய்ந்தால் வெடிக்கும். ரோட்டின் இரு பக்கமும் வாய்க்கால். தாருக்கு முதல் எதிரி தண்ணீர். ரோட்டோர வடிகால் தூர்ந்தால் தண்ணீர் அடியில் இறங்கி, மேலே லாரி அழுத்த, தார் பாளம் பாளமாகப் பெயர்கிறது. ஆகவே இங்கே ரோட்டின் தரத்தைக் காப்பது போடுகிற நாளின் மெஷின் மட்டுமல்ல. நாள்தோறும் மண்வெட்டியோடு நின்று வடிகால் எடுத்து, ஓரத்தில் மண் அணைத்து, சின்னக் குழியைச் சின்னதாக இருக்கும்போதே அடைக்கிற தொழிலாளியின் கையும்தான்.

அந்தக் கைகளுக்கு என்ன செய்தார்கள்? 2002-ம் ஆண்டில் மாநில சர்க்கார் ஏறத்தாழ பத்தாயிரம் சாலைப் பணியாளர்களை ஒரே உத்தரவில் வேலையிலிருந்து நீக்கியது. 41 மாதம் அவர்கள் குடும்பங்கள் தெருவில் நின்றன. போராடினார்கள், 2006-ல் மீண்டும் வேலைக்கு வந்தார்கள். அந்த 41 மாதத்தைப் பணிக்காலமாகக் கணக்கிட வேண்டும் என்று ஆண்டாண்டுக் காலம் போராட வேண்டியிருந்தது. மறுபுறம் பராமரிப்பு வேலையைக் காண்டிராக்டர்களிடம் விட்டார்கள். காண்டிராக்டருக்குப் பெரிய பள்ளமே லாபம். சின்னப் பள்ளத்தில் லாபம் இல்லை.

நான்கு வழி வந்தால் போதுமா?

இங்கே ஒரு கருத்து வேறுபாடு நம்மிடையே இருப்பதை மறைக்க வேண்டியதில்லை. சில தோழர்கள் சொல்கிறார்கள்: "எப்படியாவது நான்கு வழி வந்தால் போதும்." வேறு சிலர் சொல்கிறார்கள்: "நான்கு வழி முதலாளிக்கு, நமக்கு வேண்டாம், நம் குடிசைதான் இடிபடும்." இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. இரண்டும் முழுப் பதில் ஆகாது.

நான்கு வழி வந்தால் எதிரெதிர் மோதல் குறைகிறது. ஆஸ்பத்திரி வண்டி சீக்கிரம் போகிறது. கொள்முதல் நிலையத்தில் நனைந்து முளைக்கிற நெல், லாரி வேகமாகத் திரும்பி வந்தால் காப்பாற்றப்படுகிறது. சுமைப்பணித் தோழர்கள் லாரிக்காக இரவெல்லாம் காத்திருப்பதும் குறையும். இதை வேண்டாம் என்று சொல்ல நாம் யார்?

ஆனால் நான்கு வழி வந்த இடத்தில் நடப்பதையும் பாருங்கள். ஊர் ஒரு பக்கம், வயல் மறு பக்கம். சுரங்கப்பாதை ஒரு மைலுக்கு அப்பால். நாற்றுக்கட்டைத் தூக்கிக்கொண்டு இரண்டு மைல் சுற்றி எவர் போவார்? நடுத்தடுப்பைத் தாண்டுகிறார்கள், அடிபடுகிறார்கள். சர்வீஸ் ரோடு பாதியில் நின்றுவிடுகிறது. மொபெட்காரர் எதிர்த் திசையில் வருகிறார். பஸ் ஊருக்குள் வராமல் பைபாஸில் நிற்கிறது. நள்ளிரவில் கைக்குழந்தையோடு இறங்கிய தாய் இருட்டில் ஊருக்கு நடக்கிறாள்.

2022-ம் ஆண்டில் நாட்டில் ரோடு விபத்தில் மாண்டவர்கள் 1,68,491 பேர். இது சர்க்காரே வெளியிட்ட கணக்கு. அவர்களில் 61,038 பேர் தேசிய நெடுஞ்சாலைகளில் மாண்டார்கள். நாட்டின் மொத்த ரோட்டு நீளத்தில் தேசிய நெடுஞ்சாலை நூற்றுக்கு இரண்டு பங்குதான். சாவில் நூற்றுக்கு முப்பத்தாறு பங்கு! எல்லா ரோடுகளிலும் மாண்டவர்களில் மோட்டார் சைக்கிள், மொபெட்டில் போனவர்கள் 74,897 பேர்; நடந்து போனவர்கள் 32,825 பேர். இந்த இரு பிரிவினர் மட்டும் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவு. தமிழ்நாட்டில் அந்த ஆண்டில் 17,884 பேர் மாண்டார்கள். நாளொன்றுக்கு 49 பேர். டோல்கேட்டில் எண்ணிக்கைக்கு வராத ஜனங்கள் பிணக்கிடங்கில்தான் எண்ணிக்கைக்கு வருகிறார்கள், தோழர்களே!

நிலத்தின் கதையும் உண்டு. 2013-ம் ஆண்டு நிலமெடுப்புச் சட்டம் சமூகத் தாக்கத்தை மதிப்பிட்ட பிறகே நிலம் எடுக்க வேண்டும் என்றது; தேசிய நெடுஞ்சாலைச் சட்டப்படி எடுக்கும் நிலத்துக்கு அந்த மதிப்பீடு வேண்டாம் என்று விலக்கும் தந்தது. ஆனால் நஷ்ட ஈடு, மறுவாழ்வு ஆகியவை 2015 முதல் நெடுஞ்சாலைக்கு எடுக்கும் நிலத்துக்கும் உண்டு. நில உடைமையாளர் மட்டுமல்ல, மூன்றாண்டு காலமாக அந்த நிலத்தை நம்பிப் பிழைத்த குத்தகைதாரரும் விவசாயத் தொழிலாளியும்கூடப் பாதிக்கப்பட்ட குடும்பமே என்று அந்தச் சட்டம் சொல்லுகிறது. இது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? மடத்து நிலத்தையும் கோயில் நிலத்தையும் வாய்மொழிக் குத்தகைக்குப் பயிரிடுகிறவர், 1969-ம் ஆண்டுக் குத்தகைப் பதிவுச் சட்டப்படி பெயரைப் பதிவு செய்யாமல் இருந்தால், பணம் வரும் நாளில் கையை விரித்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். வாய்க்கால் கரையிலும் ரோட்டோரப் புறம்போக்கிலும் குடியிருப்பவருக்கு மாற்று இடம் கொடுக்காமல் புல்டோசர் வரக்கூடாது.

நாம் செய்த தவறும் செய்ய வேண்டிய வேலையும்

இதில் நம் தவறு ஒன்றும் உண்டு, அதை ஒப்புக்கொள்வோம். விபத்து நடந்த அன்று ரோட்டில் உட்காருகிறோம். தாசில்தார் வருகிறார், பேசுகிறார், எழுந்து விடுகிறோம். மூன்றாம் நாள் மறந்து விடுகிறோம். அடுத்த சாவு நடந்த பின் மறுபடியும் உட்காருகிறோம். அதிகாரிகளிடம் கணக்கு இருக்கிறது; நம் கையில் கோபம் மட்டும் இருக்கிறது. கோபம் வேண்டும், ஆனால் கணக்கில்லாத கோபம் ஒரு நாளில் ஆறிப் போகும்.

ஆகவே முதல் வேலை இது. இந்த ரோட்டை ஒட்டியுள்ள ஒவ்வொரு கிளையும் ஒரு நோட்டும் ஓர் அளவு நாடாவும் எடுத்துக்கொள்ளட்டும். நம் கிளை எல்லைக்குள் ரோட்டின் அகலம் எவ்வளவு? எந்த இடத்தில் மாறுகிறது? மாறும் இடத்தில் பலகை உண்டா, விளக்கு உண்டா? மண் ஓரம் எவ்வளவு பள்ளம்? சுரங்கப்பாதை எத்தனை தூரத்தில்? பஸ் எங்கே நிற்கிறது? மூன்றாண்டில் எத்தனை பேர், எந்த இடத்தில், எந்த நேரத்தில் மாண்டார்கள்? நடவுப் பெண்களைக் கேளுங்கள். பள்ளிப் பிள்ளைகளைக் கேளுங்கள். பஸ் டிரைவரைக் கேளுங்கள். ரோட்டை அவர்களைவிட அறிந்தவர் எவரும் இல்லை.

அந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு கோரிக்கை வைப்போம். அகலம் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. சென்னை வாசலில் எட்டு வழி தேவைப்படலாம். டெல்டாவில் நான்கோ இரண்டோ போதலாம். நாம் கேட்பது ஒரே பாதுகாப்பு. எட்டு வழியில் கார் போகிறவன் உயிருக்கு என்ன மதிப்போ, இரு வழியில் சைக்கிளில் போகிறவன் உயிருக்கும் அதே மதிப்பு.

ஒன்று: ரோடு அகலம் மாறும் ஒவ்வொரு இடத்திலும், வண்டியை நிறுத்தப் போதிய தூரத்துக்கு முன்பே பலகையும் விளக்கும் வேகத் தடையும் வேண்டும். இதற்குக் கோடிகள் தேவையில்லை, உடனே செய்யலாம்.

இரண்டு: வேலை முடியாத துண்டுகளுக்குக் காண்டிராக்டர் எவரானாலும், திருப்பி விட்ட பாதையைச் செப்பனிட்டு வைக்கும் பொறுப்பைச் சர்க்கார் ஏற்க வேண்டும்.

மூன்று: நான்கு வழி போகும் ஒவ்வொரு ஊரிலும் தொடர்ச்சியான சர்வீஸ் ரோடு, நடந்து கடக்கக்கூடிய தூரத்தில் சுரங்கப்பாதை, விளக்குள்ள பஸ் நிறுத்தம் வேண்டும். பஸ் ஊருக்குள் வந்து போக வேண்டும்.

நான்கு: அரசு பஸ்களுக்குச் சுங்கத்திலிருந்து முழு விலக்கு வேண்டும்.

ஐந்து: காலியாகும் சாலைப் பணியாளர் இடங்களை நிரந்தரத் தொழிலாளரைக் கொண்டு நிரப்ப வேண்டும்.

ஆறு: குத்தகைதாரர், விவசாயத் தொழிலாளர், புறம்போக்குக் குடியிருப்போர் அனைவருக்கும் மறுவாழ்வும் மாற்று மனையும் முதலில், ரோடு வேலை பிறகு.

இந்தக் கோரிக்கைகளில் லாரித் தொழிலாளிக்கு எதிரானது எதுவும் இல்லை. விவசாயிக்கு எதிரானது எதுவும் இல்லை. ரோட்டில் வேலை செய்பவர், ரோட்டில் ஓட்டுபவர், ரோட்டோரம் வாழ்பவர் மூவரும் ஓர் அணியில் நிற்கக்கூடிய கோரிக்கைகள் இவை. அப்படி நிற்கவிடாமல் செய்யத்தான், டிரைவர் மேல் கிராமத்தானையும், கிராமத்தான் மேல் டிரைவரையும் ஏவி விடுகிறார்கள். விபத்து நடந்ததும் டிரைவரை அடிக்கிற கை, அந்த இடத்தில் விளக்குப் போடாதவனைக் கேள்வி கேட்பதில்லை. இதை ஜனங்களிடம் பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான்.

தோழர்களே! "அந்த ரோடு யாருக்கு அண்ணே?" என்று கேட்ட அம்மாவிடம் நாம் மறுபடியும் போக வேண்டும். வெறும் ஆறுதல் சொல்ல அல்ல. "தானாக விட்டால் அது டோல்கேட்டுக்காரனுக்கு, நாம் சேர்ந்து நின்றால் அது நமக்கு" என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு, அவர் கணவர் மாண்ட இடத்தில் ஒரு விளக்காவது எரிய வைத்துவிட்டுத்தான் அடுத்த கூட்டத்தில் நாம் பேச வேண்டும்.

அந்த ஒரு விளக்கிலிருந்து நம் வேலை தொடங்கட்டும். ரோடு நெடுகக் கிளைகள் கைகோக்கட்டும். வெற்றி நமதே!